தவறாகப் படித்தவருக்கு அது தெரியாது: திரையில் வரைபடம் செய்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தகவல் காட்சிப்படுத்தல் என்றால் என்ன? இன்ஃபோகிராஃபிக் செய்வதும் இதுவும் ஒன்றா?

ஒரே குடும்பம்தான், வேலை வேறு. இன்ஃபோகிராஃபிக்கில் என்ன சொல்ல வேண்டும் என்பதை வரைபவர் முன்பே முடிவு செய்துவிடுகிறார். தகவல் காட்சிப்படுத்தலில் பார்ப்பவருக்கும் வேலை இருக்கிறது. அவர் வடிகட்டுகிறார், பெரிதாக்குகிறார், இரண்டு மாவட்டங்களை அருகருகே வைத்துப் பார்க்கிறார், சில நேரம் வரைந்தவருக்கே தெரியாத ஒன்றைக் கண்டுபிடிக்கிறார்.

வரைபடம் கணினிக்கு வெகு காலம் முந்தியது. வில்லியம் பிளேஃபேர் 1786-லேயே வணிகக் கணக்குகளைக் கோடுகளாகவும் பட்டைகளாகவும் வரைந்து அச்சிட்டார். திரை வந்த பிறகு புதிதாகச் சேர்ந்தது, படத்தைத் தொட்டால் அது பதில் சொல்லும் என்பதுதான். அதனால்தான் இது மனித-கணினி ஊடாட்டத் துறையின் கேள்வியாகவும் ஆனது.

மற்ற செயலிகளுக்குச் செய்யும் பயன்பாட்டுச் சோதனையே இதற்கும் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கே இந்தக் கேள்விதான் காரணம்.

டிக்கெட் எடுக்கும் செயலியில் பணம் கட்டும் பொத்தான் கண்ணில் படாவிட்டால் பயனர் அங்கேயே நின்றுவிடுவார். குழப்பம் முகத்தில் தெரியும். வரைபடத்தைத் தவறாகப் படித்தவர் நிற்க மாட்டார். "சரி, புரிந்துவிட்டது" என்று மூடிவிட்டுப் போய் அடுத்த வேலையைப் பார்ப்பார். பிழைச் செய்தி எதுவும் வராது. எத்தனை பேர் பார்த்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்ற கணக்குகளிலும் இது தெரியாது.

2020-இல் அமெரிக்கர்களிடம் நடந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். அலெஸ்ஸாண்ட்ரோ ரொமானோவும் உடன் ஆய்வாளர்களும் கோவிட் இறப்பு எண்ணிக்கையைச் சிலருக்குச் சாதாரண அளவுகோலிலும் சிலருக்கு மடக்கை அளவுகோலிலும் காட்டினார்கள். மடக்கை அளவுகோலில் 10, 100, 1,000 என்று பத்து மடங்காக ஏறும் ஒவ்வொரு படிக்கும் ஒரே உயரம். எந்த வாரத்தில் இறப்பு அதிகம் என்பது போன்ற எளிய கேள்விக்குச் சாதாரண அளவுகோலைப் பார்த்தவர்களில் சுமார் 84 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். மடக்கை அளவுகோலைப் பார்த்தவர்களில் சுமார் 41 சதவீதம்தான். அந்த வகைப் படம்தான் அப்போது பல நாளிதழ்களிலும் நாள்தோறும் வந்துகொண்டிருந்தது.

அதே ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலச் சுகாதாரத் துறை ஒரு பட்டை வரைபடம் வெளியிட்டது. கீழ் அச்சில் தேதிகள் காலவரிசையில் இல்லை. தொற்று எண்ணிக்கை பெரியதிலிருந்து சிறியதாக வரும்படி தேதிகள் முன்னும் பின்னுமாக இருந்தன. பார்த்தவுடன் நோய் இறங்கிக்கொண்டே போவது போலத் தோன்றியது. எதிர்ப்பு எழுந்த பின் திருத்தினார்கள். தேதி என்றால் இடமிருந்து வலம் ஓடும் என்று நம் கண் கேள்வி இல்லாமல் எடுத்துக்கொள்கிறது. அந்த நம்பிக்கையை மீறும் படம் தன்னைப் பற்றி எச்சரிப்பதே இல்லை.

என் அனுபவத்திலும் ஒன்று உண்டு. குழந்தைகளின் எடை பதிவாகும் ஒரு திட்டத்துக்கு வட்டாரவாரியாக நிறம் பூசிய நிலப்படம் செய்தேன். அதிகக் குழந்தைகள் பதிவான இடத்துக்கு அடர்நிறம். களத்தில் இருந்த செவிலியர் அடர்நிறத்தைப் "பாதிப்பு அதிகமான இடம்" என்று படித்தார். நன்றாக வேலை நடந்த வட்டாரம் அவருக்கு மோசமான வட்டாரமாகத் தெரிந்தது. இரண்டு வாரம் கழித்து வேறு ஏதோ பேச்சில்தான் இது வெளியே வந்தது. விளக்கக் குறிப்பு பக்கத்திலேயே இருந்தது. ஆனால் நிறத்தைப் பார்த்த நொடியிலேயே அர்த்தம் முடிவாகிவிட்டது, குறிப்பைத் தேட அவருக்குக் காரணமே இல்லை.

துறை வல்லுநர்கள் ஒரு வரைபடத்துக்குப் பழகியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பிடித்திருந்தால் போதாதா?

பிடிப்பது வேறு, சரியாகப் படிக்க முடிவது வேறு. இதயத் தமனிகளை வைத்து மிஷெல் போர்கினும் குழுவினரும் ஹார்வர்டில் செய்து 2011-இல் வெளியிட்ட ஆய்வை நான் எல்லோருக்கும் சொல்வேன்.

தமனிச் சுவரில் ரத்த ஓட்டத்தின் உராய்வு குறைவாக இருக்கும் இடங்களில் அடைப்பு உருவாகும் ஆபத்து உண்டு. அந்த இடங்களைக் கண்டுபிடிக்கத் தமனியை முப்பரிமாணத்தில், வானவில் நிறங்களில் காட்டுவது வழக்கமாக இருந்தது. உடற்கூற்றைப் போலவே இருப்பதால் மருத்துவர்களுக்கும் அது இயல்பாகப் பட்டது. போர்கின் குழு தமனிக் குழாயை விரித்துத் தட்டையாக்கி, கிளை கிளையாக அடுக்கியது. வானவில்லுக்குப் பதில் சிவப்பும் கறுப்புமான ஓர் அளவுகோலைப் பூசியது. பிறகு மருத்துவ மாணவர்களிடம் இந்தப் படங்களைக் கொடுத்து ஆபத்தான இடங்களைக் குறிக்கச் சொன்னார்கள்.

முப்பரிமாண வானவில் படத்தில் ஆபத்தான இடங்களில் 39 சதவீதம்தான் அகப்பட்டன. படத்தைத் தட்டையாக்கி வானவில்லை அப்படியே விட்டபோது 62. நிறத்தையும் மாற்றியபோது 91. நோயாளியின் தரவு மூன்றிலும் ஒன்றுதான். குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது பின்பக்கம் மறைந்துபோகிறது. வானவில்லில் எது கூட, எது குறைவு என்று கண் தானாகச் சொல்வதில்லை. இந்த இரண்டையும் நீக்கியதற்குக் கிடைத்த பலன் அது. எனக்கு இதில் மனதைத் தொடுவது, யாரும் அந்தப் பழைய படத்தைக் குறை சொல்லாமல் இருந்ததுதான். சோதித்துப் பார்க்காமல் இருந்திருந்தால் தவறவிட்டவை தவறவிட்டவையாகவே போயிருக்கும்.

வட்ட வரைபடம் உண்மையிலேயே அவ்வளவு மோசமா?

எல்லா இடத்திலும் இல்லை. பெல் ஆய்வகத்தின் வில்லியம் கிளீவ்லாந்தும் ராபர்ட் மெக்கிலும் 1984-இல் செய்த சோதனைகளில், ஒரே அச்சில் உள்ள இடத்தை ஒப்பிடும்போது மனிதர்கள் மிகத் துல்லியமாக இருந்தார்கள். நீளம் அதற்கு அடுத்தபடி, கோணம் அதற்கும் கீழே. பரப்பளவையும் நிற அடர்த்தியையும் அளப்பதில் நம் கண் இன்னும் பின்தங்குகிறது. 2010-இல் ஜெஃப்ரி ஹீரும் மைக்கேல் போஸ்டாக்கும் இணையம் வழியே ஆட்களைச் சேர்த்து இதே வகைச் சோதனையைத் திரும்பச் செய்தபோதும் முடிவுகள் பெரிதும் ஒத்துப்போயின.

ஆகவே 23-க்கும் 26-க்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்றால் பட்டை. "பாதிக்குமேல் ஒருவருக்கே போகிறது" என்று மட்டும் தெரிய வேண்டும், துண்டுகளும் இரண்டு மூன்றுதான் என்றால் வட்டம் நன்றாகவே சொல்லும். எட்டுத் துண்டு, எட்டு நிறம், பக்கத்தில் எட்டு வரிக் குறிப்பு என்று போனால் அது படிப்பவரை அலைக்கழிக்கும்.

அச்சு எப்போதும் 0-விலிருந்துதான் தொடங்க வேண்டுமா?

பட்டைக்கு ஆம், ஏனென்றால் அங்கே நீளம்தான் எண். கோட்டுக்கு அவசியமில்லை. காய்ச்சல் ஏறி இறங்குவதை 0 டிகிரியிலிருந்து வரைந்தால் 98.6-க்கும் 103-க்கும் உள்ள வித்தியாசமே தெரியாது.

எங்களிடம் நிறையத் தரவு இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே டேஷ்போர்டில் காட்டச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பென் ஷ்னைடர்மன் 1996-இல் ஒரு வரியில் வழி சொன்னார்: முதலில் முழுமையைக் காட்டு, பிறகு பெரிதாக்கவும் வடிகட்டவும் விடு, கேட்டால் மட்டும் விவரம் கொடு. கோயிலுக்குப் போகிறவர் முதலில் தொலைவிலிருந்து கோபுரத்தைப் பார்க்கிறார், கிட்டே வந்த பிறகுதான் சிற்பம் ஒவ்வொன்றையும் பார்க்கிறார். திரையிலும் அந்த ஒழுங்கு வேண்டும்.

அவரே உருவாக்கிய ட்ரீமேப் பிறந்த கதை இதோடு சேர்ந்ததுதான். 1990 வாக்கில் அவருடைய ஆய்வகத்தில் 14 பேர் பகிர்ந்துகொண்ட 80 மெகாபைட் வன்தட்டு நிரம்பிவிட்டது. யாருடைய எந்தக் கோப்பு இடத்தை அடைக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும். செவ்வகத்துக்குள் செவ்வகமாகக் கோப்புறைகளை அடுக்கி, பெரிய கோப்புக்குப் பெரிய கட்டம் கொடுத்தார். பரப்பளவை நாம் துல்லியமாக ஒப்பிடுவதில்லை என்று மேலே சொன்னேனே, ஆனால் அங்கே துல்லியம் தேவையே இல்லை. பெரிய ஆள் யார் என்று தெரிந்தால் போதும். கேள்வி தெளிவாக இருந்ததால் வடிவம் பொருந்தியது. இன்று பங்குச் சந்தைப் பக்கங்களில் பச்சையும் சிவப்புமாகத் தெரியும் கட்டங்களும் இதன் வழி வந்தவையே.

உங்கள் டேஷ்போர்டுக்கும் அதையே செய்யுங்கள். "எல்லாம் வேண்டும்" என்று சொன்னவரிடம், காலையில் இதைத் திறந்தவுடன் என்ன முடிவு எடுப்பீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு, மூன்று முடிவுகள்தான் வரும். அவை முதல் திரை. மீதி எல்லாம் உள்ளே இருக்கட்டும்.

திரை எவ்வளவு வேகமாகப் பதில் தர வேண்டும்?

ஜேக்கப் நீல்சன் 1993-இல் தொகுத்துச் சொன்ன மூன்று எல்லைகள் இன்றும் உதவும். 0.1 வினாடிக்குள் வந்தால் நாமே கையால் நகர்த்துவது போல இருக்கும். 1 வினாடி வரை சிந்தனை அறுபடாது. 10 வினாடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். காட்சிப்படுத்தலில் இதற்கு இன்னும் எடை அதிகம். ஷிசெங் லியுவும் ஜெஃப்ரி ஹீரும் 2014-இல் ஒவ்வொரு செயலுக்கும் அரை வினாடி தாமதம் சேர்த்துப் பார்த்தபோது, பயனர்கள் தரவைத் துழாவுவதே குறைந்தது, கண்டுபிடிப்புகளும் குறைந்தன. அதாவது மெதுவான திரை, கேட்கப்பட வேண்டிய கேள்வியையே கேட்கவிடாமல் செய்கிறது.

மொபைலில் என்ன மாறும்?

மவுஸ் மேலே வந்தால் எண் தெரியும் என்ற வசதி மொபைலில் கிடையாது. விரலுக்கு "மேலே நிற்பது" என்று ஒன்று இல்லை, தொடுவது மட்டும்தான். தொட்டால் அந்த விரலே புள்ளியை மறைத்துவிடும். அதனால் எண் விரலுக்கு மேல்பக்கத்திலோ திரையின் தலைப்பகுதியிலோ வர வேண்டும். முக்கியமான எண்ணைத் தொடாமலே தெரியும்படி எழுதிவிடுவது அதைவிட நல்லது.

இலக்கு சிறிதாகவும் தூரமாகவும் இருந்தால் அதைத் தொட நேரம் கூடும் என்று பால் ஃபிட்ஸ் 1954-லேயே காட்டினார். சிதறல் வரைபடத்தில் 4 பிக்சல் புள்ளியை விரலால் பிடிப்பது வேதனை. புள்ளி சிறிதாக இருக்கலாம், ஆனால் அதைச் சுற்றித் தொடுகையை ஏற்கும் பரப்பு பெரிதாக இருக்க வேண்டும். 2023-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 அணுகல்தன்மை விதிகள் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் கேட்கின்றன.

அப்புறம் வெயில். அலுவலக விளக்கில் அழகாகத் தெரிந்த வெளிர்சாம்பல் கோடுகள் மதியம் 12 மணிக்குத் தெருவில் காணாமல் போகும். களப்பணியாளர்களுக்குச் செய்கிறீர்கள் என்றால் உங்கள் படத்தை ஒருமுறை மொட்டை மாடிக்கு எடுத்துப்போய்ப் பாருங்கள்.

சிவப்பு, பச்சை எல்லோருக்கும் புரியுமே. ஏன் தவிர்க்கச் சொல்கிறார்கள்?

எல்லோருக்கும் அந்த இரண்டும் வேறு வேறாகத் தெரிவதில்லை. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாட்டில் குறை உண்டு. மற்ற மக்களிடம் அளவு மாறும், ஆனால் எங்கும் இல்லாமல் இல்லை. நிறத்தோடு கூடவே வடிவமோ சொல்லோ அம்புக்குறியோ சேர்த்தால் சிக்கல் தீரும்.

வானவில் அளவுகோலின் குறை வேறு. அதன் நடுவில் வரும் மஞ்சள் மற்றவற்றைவிடப் பளிச்சென்று இருப்பதால், தரவில் இல்லாத எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியும். இதற்கு மாற்றாக ஸ்டீஃபன் வான் டெர் வால்ட், நதானியேல் ஸ்மித் இருவரும் விரிடிஸ் என்ற அளவுகோலை உருவாக்கினார்கள். கரு ஊதாவிலிருந்து மஞ்சள் வரை வெளிச்சம் சீராக ஏறும், கறுப்பு-வெள்ளையில் அச்சடித்தாலும் வரிசை கெடாது. பைத்தான் நிரல்மொழியில் வரைபடம் செய்ய உதவும் மேட்பிளாட்லிப்பில், 2017-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து இயல்பு நிற அளவுகோலே இதுதான்.

நிறத்துக்கு ஊர் அர்த்தமும் உண்டு. தமிழ்நாட்டில் கறுப்பு-சிவப்பு ஒரு கட்சியின் கொடி நிறம். தேர்தல் படத்தில் அது உதவும். வேறு தலைப்பில் அதே ஜோடியைப் பயன்படுத்தினால் பார்ப்பவர் மனம் வேறெங்கோ போகும்.

அசையும் வரைபடம் நல்லதா?

சுவீடன் சுகாதாரப் பேராசிரியர் ஹான்ஸ் ரோஸ்லிங் 2006-இல் ஒரு மேடையில் நாடுகளைக் குமிழ்களாக நகரவிட்டுப் பேசியபோது உலகமே ரசித்தது. 2008-இல் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சின் ஜார்ஜ் ராபர்ட்சன் குழு அந்த வகை அசைவைச் சோதித்தது. பயனர்களுக்கு அசைவு பிடித்திருந்தது. ஆனால் தாங்களாகவே ஆராயும்போது, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சிறு படம் என்று வரிசையாக வைத்ததில்தான் வேகமாகவும் பிழை குறைவாகவும் பதில் சொன்னார்கள். ரோஸ்லிங்கின் மேடையில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல ரோஸ்லிங் இருந்தார். உங்கள் திரையில் அவர் இல்லை. பட்டைகளின் வரிசை மாறும்போது எது எங்கே போனது என்று காட்டும் குட்டி அசைவுக்கு மட்டும் நான் எப்போதும் ஆதரவு.

தமிழில் வரைபடம் செய்யும்போது என்னென்ன கவனிக்க வேண்டும்?

இதற்குத்தான் எங்கும் சரியான பதில் கிடைப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நீளம். "திருவண்ணாமலை", "இராமநாதபுரம்" என்ற பெயர்களைச் செங்குத்துப் பட்டைக்குக் கீழே வைத்தால் மென்பொருள் அவற்றைச் சாய்த்துவிடும் அல்லது வெட்டிவிடும். பட்டைகளைக் கிடைமட்டமாகப் போட்டுப் பெயரை இடப்பக்கம் நேராக எழுதுங்கள். அடுத்து அளவு. ஆங்கிலத்துக்குப் போதுமான எழுத்தளவில் தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துபோகும், ண-வும் ன-வும் ஒன்றாகத் தெரியும். நான் ஆங்கில அளவைவிட எப்போதும் ஒன்றிரண்டு பாயிண்ட் கூட்டியே வைப்பேன். மேலே வரும் சுழியும் கீழே வரும் உகரக் குறியும் முட்டிக்கொள்ளாதபடி வரி இடைவெளியும் கூட்ட வேண்டும்.

எழுத்து உடைவது இன்னொரு தொல்லை. மேட்பிளாட்லிப்பில் தமிழ் எழுதிப் பார்த்தவர்களுக்கு, "கொ" என்ற எழுத்தில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும் காட்சி பழக்கமானது. சிக்கலான எழுத்துகளைக் கோக்கும் வேலையை அது நெடுநாள் செய்யாததே காரணம். உலாவியில் டி3 போன்ற வரைபட நிரல் நூலகங்களால் வரைந்தால் அந்த வேலையை உலாவியே சரியாகச் செய்துவிடும்.

அகரவரிசையையும் பாருங்கள். யூனிகோடு எண்படி அடுக்கினால் ன நகரத்தை ஒட்டியும், ற ரகரத்தை ஒட்டியும் வந்துவிடும். நாம் பள்ளியில் படித்த வரிசை "ய ர ல வ ழ ள ற ன". மாவட்டப் பெயர்ப் பட்டியலில் தேடுகிறவர் அந்த வரிசையைத்தான் எதிர்பார்ப்பார். நிரல்மொழியின் தமிழ் வரிசைப்படுத்தலைக் கேட்டு வாங்குங்கள்.

எண்கள் மிக முக்கியம். தமிழ்நாட்டு வாசகருக்கு 12,50,000 என்று எழுதினால் உடனே 12.5 லட்சம். 1.25 எம் (மில்லியன்) என்று போட்டால் மனக்கணக்கு போட வேண்டும். டி3-யின் சுருக்க எண் வடிவமோ நூறு கோடிக்கு "ஜி" என்று எழுதும், அது யாருக்கும் புரியாது. ஆனால் இலங்கைத் தமிழ் நாளிதழ்களில் மில்லியன், பில்லியன் சாதாரணம். எந்த ஊர் வாசகர் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாகக் கலைச்சொல். "இடைநிலை அளவு" பாடப்புத்தகச் சொல், சரியான சொல். ஆனால் அதைச் சராசரி என்றே பலரும் படிக்கிறார்கள். "பாதிப் பேர் இதற்குக் கீழே, பாதிப் பேர் மேலே" என்று எழுதினால் இடம் கொஞ்சம் போகும், சந்தேகம் வராது.

பார்வையற்றவர்களுக்கு வரைபடம் எப்படிப் போய்ச் சேரும்?

திரைவாசிப்பான் "படம் 3" என்று மட்டும் சொன்னால் அவருக்கு நீங்கள் எதுவும் கொடுக்கவில்லை. படம் என்ன சொல்கிறது என்பதை இரண்டு வாக்கியத்தில் எழுதுங்கள், கீழே அதே எண்களை உண்மையான அட்டவணையாகக் கொடுங்கள். அந்த அட்டவணை மற்றவர்களுக்கும் பயன்படும்.

எந்த மென்பொருள் நல்லது?

கையில் எது இருக்கிறதோ அது. எக்செல்லிலேயே நல்ல படம் செய்யலாம். வரிசைப்படுத்துவது, தேவையற்ற கட்டக்கோடுகளை எடுப்பது, தலைப்பில் முடிவை எழுதுவது எல்லாம் எதிலும் முடியும்.

எத்தனை பேரிடம் சோதிக்க வேண்டும்? எப்படி?

குறைகளைக் கண்டுபிடிக்க ஐந்து பேர் போதும் என்ற நீல்சனின் கணக்கு பிரபலம். கண்டுபிடிக்க மட்டும்தான் அது. "80 சதவீதம் பேருக்குப் புரிகிறது" என்று ஐந்து பேரை வைத்துச் சொல்ல முடியாது, அதற்கு இன்னும் நிறையப் பேர் வேண்டும்.

"புரிகிறதா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆம் என்பார்கள், மரியாதைக்காகவாவது. பதில் உங்களுக்கு முன்பே தெரிந்த கேள்வியைக் கேளுங்கள்: எந்த மாதத்தில் அதிகம்? எந்த இரண்டு ஊர்கள் கிட்டத்தட்டச் சமம்? பதிலோடு கூட, எவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்றும் கேளுங்கள். தயங்கித் தவறாகச் சொன்னவர் பரவாயில்லை, அவர் இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்வார். உறுதியாகத் தவறு சொன்னவர் இருந்தால் அந்தப் படத்தை அப்படியே வெளியிடக் கூடாது.

பிறகு கேள்வியே இல்லாமல் ஐந்து நிமிடம் விடுங்கள். பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஆராய்வதற்கான கருவிகளை, பயனர் தானாக என்னென்ன கண்டுபிடித்தார் என்பதை வைத்தே மதிப்பிட வேண்டும் என்று கிறிஸ் நார்த் 2006-இல் வாதிட்டார். எனக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் கிடைப்பதுதான் அதிகம். நீங்கள் குறுக்கே பேசாமல் இருப்பது அதில் கடினமான பகுதி.

சோதனையில் ஒருவர் தவறாகப் படித்தால் அவரிடம் சொல்லலாமா?

நடுவில் சொல்லாதீர்கள், முடிந்ததும் கட்டாயம் சொல்லுங்கள். அவர் நேரம் கொடுத்திருக்கிறார், தவறான செய்தியோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. படம்தான் சோதிக்கப்பட்டது, அவர் அல்ல என்பதையும் சொல்லுங்கள். பிறகு, "இங்கே என்ன எழுதியிருந்தால் உங்களுக்கு அப்படித் தோன்றியிருக்காது?" என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் செவிலியரிடம் நான் இதைக் கேட்டபோது, "எடை பார்த்த பிள்ளைகள் எத்தனை என்று மேலேயே போடுங்களேன்" என்றார். இப்போது அந்த நிலப்படத்தின் தலைப்பு, "எடை பார்த்த பிள்ளைகள் எத்தனை?"